கேஸ்ட்ரிக் ரிப்போர்ட்டில் வெள்ளணுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தின் திசுப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு ஸ்கோப் செய்யும்போது இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்து அனுப்புகிறார்களே, அந்தத் துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நோய்க்குறியியல் டாக்டர் பார்ப்பதற்குத் தயார் செய்வது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ரிப்போர்ட்டுகள் என்னை விடவில்லை. இப்போது வாட்சாப்பில் வருகின்றன. போன மாதம் பிறையில் ஒரு கல்யாணம். ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் ஃபோனை நீட்டிவிட்டார். கேட்பதெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

"அண்ணே, கேஸ்ட்ரிக், கேஸ்ட்ரைட்டிஸ் ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. நம் ஊரில் வயிறு எரிந்தாலும் கேஸ்ட்ரிக், உப்பினாலும் கேஸ்ட்ரிக், பசி தள்ளிப்போய்த் தலை சுற்றினாலும் கேஸ்ட்ரிக். அது நாம் உணரும் தொந்தரவுக்கு வைத்த பெயர். கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்பது நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது. இரைப்பையின் உட்சுவரில் வழக்கத்துக்கு மீறி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று அதற்குப் பொருள்.

வலியால் துடிக்கிறவருடைய திசு சுத்தமாக இருக்கும். எதேச்சையாக ஸ்கோப் செய்த இன்னொருவருக்கு வெள்ளணுக்கள் அப்பிக் கிடக்கும், அவரோ எதையும் உணர்ந்திருக்கவே மாட்டார். இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வலியை வைத்து அழற்சியை அளக்க முடியாது.

"கிருமினு சொல்றாங்க. வயித்துல இருக்கிற ஆசிட்ல கிருமி எப்படி உயிரோட இருக்கும்?"

பல காலம் டாக்டர்களும் இதையேதான் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் டாக்டர், அழற்சி உள்ள இரைப்பைத் திசுக்களில் வளைந்த சிறு பாக்டீரியாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் எடுக்காமல் விட்ட கிருமி வளர்ப்புத் தட்டுகளில் அந்தக் கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு இன்றைய பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

நம்பாதவர்களுக்குக் காட்ட 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். அதற்கு முன் ஸ்கோப் செய்து இரைப்பை நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். சில நாளில் வாந்தியும் வாய்நாற்றமும் வந்தன. பத்தாம் நாள் எடுத்த திசுவில் கிருமியும் இருந்தது, வெள்ளணுக்களும் வந்து நின்றன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆசிட் விஷயம் இதுதான். கிருமி யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள ஆசிட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்புறம் திருகாணி மாதிரி நெளிந்து, சுவரை மூடியிருக்கும் வழவழப்பான சளிப் படலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே ஆசிட் அவ்வளவாக எட்டாது. உங்களை ஊதச் சொல்லும் மூச்சுப் பரிசோதனையும் இந்த யூரியேஸைத்தான் பிடிக்கிறது.

"சம்பல், ஊறுகாய், கோப்பி ஓ. இதனாலதான் வந்துச்சா?"

காரம் எரிச்சலைக் கூட்டலாம். கிருமியைக் கொண்டு வராது. பெரும்பாலும் இது சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நேற்று மாமாக் கடையில் சாப்பிட்ட நாசி கண்டார் மேல் பழி போட வேண்டாம்.

"ரிப்போர்ட்ல 'குரோனிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ்'னு இருக்கு. ஆக்டிவ்னா வேகமா பரவுதா? கேன்சரா?"

அதிகம் பேரைத் தூங்கவிடாத சொல் இந்த 'ஆக்டிவ்'தான். இதற்கும் கேன்சருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. திசுவில் எந்த வகை வெள்ளணு இருக்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு அது.

ஸ்லைடில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேறிய இரைப்பைச் சுவரில், குழிகுழியாகச் சுரப்பிகளின் வாய்கள். நல்ல திசுவில் குழிகளுக்கு இடையே அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். கிருமி உள்ள திசுவில் அந்த இடைவெளி முழுக்க ஊதாப் புள்ளிகள் அப்பியிருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் நிறைய லிம்போசைட்டுகள்: கடுகு போல உருண்டையான கரு, சுற்றிலும் இடமே இல்லை. அவற்றோடு பிளாஸ்மா அணுக்கள்: முட்டை வடிவம், கரு ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். இந்த இரண்டும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்குகிறவை. அதைத்தான் 'குரோனிக்' என்கிறார்கள்.

நியூட்ரோஃபில் வேறு ஜாதி. அதன் கரு மூன்று நான்கு துண்டாக, மெல்லிய நூலில் கோத்த மணி போல இருக்கும். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது, அவை அற்ப ஆயுளில் மடிகின்றன. ஆகவே திசுவில் நியூட்ரோஃபில் தெரிகிறது என்றால் யாரோ இன்றைக்கும் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அவை சுரப்பிகளின் கழுத்துப் பகுதியில் சுவரைத் துளைத்து உள்ளே நுழைவதைப் பார்க்கலாம். 'ஆக்டிவ்' என்று எழுதவைப்பது அதுதான். கூப்பிடுவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர்.

"ரத்த டெஸ்ட்ல வெள்ளணு நார்மல்னு வந்துச்சே. அப்போ ஸ்கோப் ரிப்போர்ட் தப்பா?"

இரண்டும் சரிதான். ரத்தப் பரிசோதனை சாலையில் போகிற வண்டிகளை எண்ணுகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரம் நெரிசலாக இருக்கும்போது பாயான் லெப்பாஸ் பக்கம் சாலை காலியாகவே இருக்கும். இரைப்பையில் கூடும் கூட்டம் ரத்த எண்ணிக்கையைத் தூக்கும் அளவுக்குப் பெரிதில்லை.

"இவ்வளவு வெள்ளணு வந்து நிக்குது, அப்புறம் ஏன் கிருமி சாக மாட்டேங்குது?"

கேட்டவர் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிற ஒரு தம்பி. 26 வருடத்தில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதல் காரணம் இடம். வெள்ளணுக்கள் சுவருக்குள் நிற்கின்றன, கிருமியில் பெரும்பகுதி சுவருக்கு வெளியே சளியில் நீந்துகிறது. பிளாஸ்மா அணுக்கள் கிருமிக்கு எதிராக ஆன்டிபாடிகளை வண்டி வண்டியாகச் சுரந்தாலும், அவற்றால் அங்கே போய்க் கிருமியை ஒழிக்க முடிவதில்லை.

இரண்டாவது, கிருமியின் வேஷம். பாக்டீரியாக்களின் வெளித்தோலில் உள்ள சில பொருள்களை மோப்பம் பிடித்துத்தான் நம் அணுக்கள் அலாரம் அடிக்கும். ஹெலிகோபாக்டர் அந்தத் தோலை மாற்றி வைத்திருப்பதால் அலாரம் மெதுவாகத்தான் அடிக்கிறது. நீந்த உதவும் அதன் வாலும் வழக்கமான மோப்பத்துக்குச் சிக்காத அமைப்பு கொண்டது. போதாததற்கு, தோலின் மேல் நம் ரத்த வகைச் சர்க்கரைகளைப் போன்ற லூயிஸ் சர்க்கரைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்ப்பதற்குச் சொந்தக்காரன் மாதிரி.

மூன்றாவது, எதிர்த்தாக்குதல். நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளணுவும் கிருமியை விழுங்கி ஆக்சிஜன் நஞ்சுகளால் கொல்லப் பார்க்கும். இந்தக் கிருமியிடம் அவற்றை முறிக்கும் நொதிகள் உண்டு. கேட்டலேஸ் அவற்றில் ஒன்று. மேக்ரோஃபேஜ் கிருமியைக் கொல்லும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் வேண்டும். கிருமியின் ஆர்ஜினேஸ் நொதி அதை முந்திக்கொண்டு தின்றுவிடுகிறது. வேக்-ஏ என்ற நஞ்சு, லிம்போசைட்டில் ஒரு வகையான டி அணுக்கள் பெருகுவதையே தடுக்கிறது.

நான்காவதாக, நம் உடம்பே பிரேக் போடுகிறது. 'போதும், அடங்குங்கள்' என்று மற்ற அணுக்களைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமி உள்ள இரைப்பையில் அவை நிறைய. அவை இருப்பதால் சுவர் தப்பிக்கிறது, கிருமியும் கூடவே தப்பித்துக்கொள்கிறது.

"அப்போ புண்ணு பண்றது கிருமியா, நம்ம வெள்ளணுவா?"

இரண்டும்தான், ஆனால் பலர் நினைப்பதைவிட வெள்ளணுக்களின் பங்கு பெரிது. ஆய்வகத்தில் டி அணுக்களும், பிளாஸ்மா அணுக்களாக மாறும் பி அணுக்களும் இல்லாமல் பிறக்கும் எலிகள் உண்டு. அவற்றுக்கு ஹெலிகோபாக்டரைக் கொடுத்தால் கிருமி தாராளமாகக் குடியேறும், அழற்சியோ ஏறக்குறைய வராது. அதே எலிகளுக்கு நல்ல எலியிலிருந்து உதவி டி அணுக்களை எடுத்துச் செலுத்தினால் அழற்சி வந்துவிடும், கிருமியின் எண்ணிக்கையும் குறையும். கிருமி ஒன்றே, இரைப்பையும் ஒன்றே. இடையில் சேர்ந்தது டி அணுக்கள் மட்டும்.

நடப்பது இப்படி. கிருமியில் சில வகைகளுக்கு ஊசி போன்ற ஒரு கருவி உண்டு. அதன் வழியாக கேக்-ஏ என்ற புரதத்தைச் சுவர் அணுவுக்குள் செலுத்தும். குத்துப்பட்ட அணு இன்டர்லூக்கின் 8 என்ற ரசாயனத்தை வெளியிடும். நியூட்ரோஃபிலுக்கு அது பந்திக்கு அழைப்பு. டென்ட்ரிட்டிக் அணுக்கள் கிருமியின் துணுக்குகளை எடுத்துப் போய் டி அணுக்களிடம் காட்டும். அவற்றில் ஒரு பிரிவு இன்டர்ஃபெரான் காமா சுரந்து மேக்ரோஃபேஜ்களை முடுக்கும். இன்னொரு பிரிவு இன்டர்லூக்கின் 17 சுரந்து மேலும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கும். அவை கக்குகிற ஆக்சிஜன் நஞ்சும் புரதம் அரிக்கும் நொதிகளும் கிருமி எது, சுவர் எது என்று பார்ப்பதில்லை. சமையலறையில் பிடித்த சின்னத் தீயை அணைக்க வந்த போம்பா, வீடு முழுக்கத் தண்ணீர் அடித்தால் மெத்தையும் புத்தகமும் என்ன ஆகும்? அதுவும் தீ அணையாமல் 30 வருடம் அடித்தால்?

கிருமி உள்ள எல்லாருக்கும் திசுவில் அழற்சி இருக்கும். ஆனால் புண் வருவது பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ. புற்றுநோய் வருவது நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தக் கிருமியை முதல் தரப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் 'ஆக்டிவ்' என்பதைவிட 'அட்ரோஃபி' (சுரப்பிகள் தேய்தல்), 'இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா' (இரைப்பைச் சுவர் குடல் சுவர் போல மாறுதல்) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டற மருந்து ஒண்ணு விக்கிறாங்க. சாப்பிட்டா கிருமி செத்துடுமா?"

மேலே இரண்டு பதில்களையும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த பிரச்சினையா இது? இரைப்பையில் ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை. டப்பா விற்கிறவர் என் மச்சான் முறை, அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. மஞ்சள், தேன், கருஞ்சீரகம் எல்லாம் சமையலில் இருக்கட்டும். கிருமியை ஒழிப்பது இரண்டு ஆன்டிபயாடிக்கும் ஆசிட் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்த மருந்து. சில நேரம் பிஸ்மத் என்ற மருந்தும் சேரும், அப்போது மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம். வழக்கமாக 14 நாள். எட்டாம் நாள் 'நல்லாயிடுச்சு' என்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள்.

"மருந்து முழுசா முடிச்சேன். மறுபடியும் ரத்த டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்னு வருது. மருந்து வேலை செய்யலையா?"

ரத்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை இல்லை, ஆன்டிபாடியை. பிளாஸ்மா அணுக்கள் ஒருமுறை கற்றுக்கொண்ட பாடத்தை லேசில் மறக்காது. கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆன்டிபாடி ரத்தத்தில் ஓடும். ஒழிந்ததா என்று அறிய மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ வேண்டும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து எடுக்க வேண்டும், அதற்கு முன் இரண்டு வாரமாவது ஆசிட் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

"மூச்சு டெஸ்ட்ல கிருமி இல்ல. ஆனா மறுபடி ஸ்கோப் பண்ணினப்போ 'குரோனிக் கேஸ்ட்ரைட்டிஸ்'னு எழுதியிருக்காங்க. ஏன்?"

'ஆக்டிவ்' என்ற சொல் காணாமல் போயிருக்கிறதா? அதைக் கவனியுங்கள். கிருமி போனதும் முதலில் கிளம்புவது நியூட்ரோஃபில், சில வாரங்களில் போய்விடும். லிம்போசைட்டும் பிளாஸ்மா அணுக்களும் நம் வீட்டு விருந்தாளிகள் மாதிரி, வாசலில் நின்று பேசிக்கொண்டே மெதுவாகத்தான் போகும். ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம்.

"எனக்கு நேர்மாறு. முதல் ஸ்கோப்லயே அழற்சி இருக்கு, கிருமி இல்லைனு இருக்கு."

பல வழிகள். நீங்கள் ஏற்கெனவே ஒமெப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தால் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியை விட்டு மேலே ஒதுங்கிவிடும். துணுக்கு கீழே மட்டும் எடுத்திருந்தால் தப்பிவிடும். அதனால்தான் கீழே இரண்டு, வளைவில் ஒன்று, மேலே இரண்டு என ஐந்து இடத்தில் கிள்ளச் சொல்கிறார்கள். அண்மையில் வேறு எதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலும் கிருமி கண்ணில் படாது. திசுவில் நியூட்ரோஃபில் நிறைய இருந்து கிருமி இல்லை என்றால் எங்கள் டாக்டர் 'இன்னொரு சாயம் போடு' என்பார். நீலச் சாயத்தில் மூன்று மைக்ரான் நீளக் கிருமிகள் சளியோரம் அரிசி நொய் மாதிரி தெரியவரும்.

சிலருக்குக் கிருமியே இல்லாமல், டி அணுக்கள் ஆசிட் சுரக்கும் அணுக்களையே எதிரியாக எண்ணித் தாக்கும். இந்த வகையில் பி12 வைட்டமின் குறைபாடும் வரலாம். இன்னொன்று வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைகளும் சுவரைக் கெடுக்கும், ஆனால் அந்தத் திசுவில் வெள்ளணுக்கள் குறைவாகவே இருக்கும். ஸ்லைடைப் பார்த்ததும் வித்தியாசம் தெரியும்.

"'லிம்பாய்டு ஃபாலிக்கிள்'னு ஒரு வார்த்தை. இது கட்டியா?"

பி அணுக்கள் வட்டமாகக் கூடிய ஒரு முகாம். நல்ல இரைப்பையில் இப்படி ஒழுங்கான முகாம்கள் இருப்பதில்லை, ஹெலிகோபாக்டர் வந்த பிறகு முளைக்கின்றன. பெரும்பாலும் அவ்வளவுதான்.

அரிதாக, வருடக்கணக்கில் தூண்டப்பட்ட பி அணுக்களில் ஒரு கூட்டம் கட்டுப்பாட்டை மீறிப் பெருகி மால்ட் லிம்போமா என்ற புற்றுநோய் ஆகும். இதில் ஒரு வியப்பு உண்டு. கீமோ இல்லாமல், கிருமியை மட்டும் ஒழித்தாலே ஆரம்ப நிலையில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது கரைந்துவிடுகிறது. இதை 1993இல் முதலில் வெளியிட்டார்கள். அந்தப் பி அணுக்கள் பெருகுவதற்கு, கிருமியை அடையாளம் கண்ட டி அணுக்களின் தூண்டுதல் தேவைப்படுகிறது. கிருமி போனால் தூண்டுதலும் போய்விடுகிறது.

"பக்கத்து வீட்டு மலாய்க்காரங்களுக்கு இல்ல, நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

மலேசியாவில் செய்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்வது இது: இந்தியர்களிடமும் சீனர்களிடமும் கிருமி அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. கிளந்தானில் மிக மிகக் குறைவு. கிருமி குடும்பத்தோடு பயணம் செய்வது. மனிதன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன்பே அவன் வயிற்றில் இருந்தது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. நம்மிடம் உள்ள வகை இந்திய வகையோடு சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய நம் பாட்டன்மார் டிரங்குப் பெட்டியோடு இதையும் கொண்டு வந்து இறக்கியிருப்பார்கள்.

விசித்திரம் என்னவென்றால், கிருமி நம்மிடம் இவ்வளவு இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். கிருமியின் வகை, உணவு, வெள்ளணுக்கள் எவ்வளவு உக்கிரமாக எதிர்வினை காட்டுகின்றன என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எல்லாவற்றையும் காரணமாகப் பேசுகிறார்கள். இதை நம்பி 'நமக்கு ஒன்றும் ஆகாது' என்று இருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருக்குமே ரத்த வாந்தி வந்துதான் ஸ்கோப் நடந்தது.

"எனக்கு இருக்கு. ஏழு வயசுப் பையனுக்கும் டெஸ்ட் பண்ணிடவா?"

தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தைக்குத் தேடிப் போய்ப் பரிசோதிக்க வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டல். பிரேக் போடும் டி அணுக்களைப் பற்றிச் சொன்னேனே, குழந்தைகளின் இரைப்பையில் அவை பெரியவர்களைவிடத் தீவிரமாக வேலை செய்கின்றன. அதனால் அழற்சியும் புண்ணும் குறைவு. மருந்துக்குச் சரியாகாத இரும்புச் சத்துக் குறைவு, ரத்த வாந்தி மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

"தடுப்பூசி ஏன் இன்னும் வரல?"

சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் சுமார் 72 விழுக்காடு பாதுகாப்பு. கடைக்கு இன்னும் வரவில்லை. சிரமம் நீங்கள் மேலே படித்ததுதான். வெள்ளணுக்களை அதிகம் தூண்டினால் அழற்சி, குறைவாகத் தூண்டினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

"அண்ணே, என் ஸ்லைடை நானே பார்க்க முடியுமா?"

இரண்டாவது கருத்துக்காக ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கலாம். ஆய்வுக்கூடங்கள் அவற்றைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கும். உங்கள் டாக்டர் மூலம் கேட்பது சுலபம்.

அந்த லாரித் தம்பி அப்படித்தான் வாங்கி வந்தார். பழைய நண்பர் ஒருவரின் நுண்ணோக்கியில் வைத்து, சுரப்பியின் கழுத்தில் துளைத்துக்கொண்டிருந்த ஒரு நியூட்ரோஃபிலைச் சரியாக நடுவில் நிறுத்திக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம், "இவன் என் ஆளுதானே அண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன் என் வீட்டுச் சுவரையே ஓட்டை போடுறான்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.